உங்க காருக்கு 15 வருஷம் யாரும் எஃப்சி கேட்க மாட்டாங்க... அதனால நீங்களே கேளுங்க!



ஒரு சின்னக் கேள்வியோட ஆரம்பிக்கலாம். உங்க வண்டியோட ஆர்சி எந்தத் தேதி வரைக்கும் செல்லும்? எடுத்துப் பார்க்காம சொல்லுங்க பார்ப்போம்.

இன்சூரன்ஸ் தேதின்னா சொல்லிடுவீங்க. ஏன்னா ஒரு மாசத்துக்கு முன்னாடியே பத்து பேர் போன் பண்ணி ஞாபகப்படுத்துவாங்க. புகை சர்டிஃபிகேட் தேதி பாதிப் பேருக்குத் தெரியும். ஆர்சி தேதி? பெரும்பாலானவங்களுக்கு ஆர்சிக்குத் தேதி இருக்குங்கிறதே தெரியாது. "அது லைஃப் டாக்ஸ் கட்டியாச்சே சார்" அப்படின்னு சொல்லுவாங்க. லைஃப் டாக்ஸ் வேற, ஆர்சி செல்லுபடி வேற.

வண்டியை எத்தனை வருஷத்துக்கு ஒருமுறை கட்டாயமா பரிசோதனை பண்ணணும்னு உலகம் முழுக்க ஒரு விவாதம் ஓடிட்டு இருக்கு. கேட்க இது ஏதோ ஆர்டிஓ ஆபீஸ் சமாச்சாரம் மாதிரி இருக்கும். ஆனா ஒரு ஆடிட்டரா நான் இதை உங்க இன்சூரன்ஸ் க்ளெய்ம், உங்க குடும்ப பட்ஜெட் சம்பந்தப்பட்ட விஷயமாத்தான் பார்க்கிறேன். வாங்க, ஒவ்வொண்ணா பார்க்கலாம்.

முதல்ல, நம்ம ஊர் சட்டம் என்ன சொல்லுது?

மோட்டார் வாகனச் சட்டம் 1988 வண்டிகளை ரெண்டு வகையா பிரிக்குது. ஒண்ணு, வாடகைக்கும் வியாபாரத்துக்கும் ஓடுற டாக்ஸி, ஆட்டோ, லாரி, பஸ், வேன் மாதிரி போக்குவரத்து வாகனங்கள். இன்னொண்ணு, நம்ம சொந்த உபயோகத்துக்கான "ஓன் போர்டு" வண்டிகள்.

போக்குவரத்து வாகனங்களுக்கு எஃப்சி கட்டாயம். அதாவது தகுதிச் சான்றிதழ். 2018 நவம்பர்ல விதியை மாத்தினாங்க. அதுக்கப்புறம் வண்டிக்கு 8 வயசு ஆகிற வரைக்கும் 2 வருஷத்துக்கு ஒருமுறை, 8 வயசு தாண்டிட்டா வருஷா வருஷம் எஃப்சி எடுக்கணும். இதுல ஒரு முக்கியமான விஷயம் இருக்கு. எஃப்சி இல்லாத போக்குவரத்து வாகனம் முறையா பதிவு செய்யப்பட்ட வண்டியாவே கருதப்படாதுன்னு சட்டத்தோட 56-வது பிரிவு சொல்லுது. வண்டி கண்ணு முன்னாடி நிக்கும், ஆர்சி புக் கையில இருக்கும். ஆனா சட்டத்தோட கண்ணுக்கு அது பதிவில்லாத வண்டி.

சரி, ஓன் போர்டு வண்டி? அங்கதான் கதை வேற. பதிவு பண்ண நாள்ல இருந்து 15 வருஷம் ஆர்சி செல்லும். அந்த 15 வருஷத்துல பிரேக் பிடிக்குதா, ஸ்டியரிங் ஆடுதா, டயர் வழுக்கையா இருக்கான்னு கவர்மென்ட் ஒரு தடவைகூட கூப்பிட்டுப் பார்க்காது. 15 வருஷம் முடிஞ்சதும் வண்டியைக் கொண்டுபோய் பிரேக் இன்ஸ்பெக்டர்கிட்ட காட்டி புதுப்பிக்கணும். அதுக்கப்புறம் 5 வருஷத்துக்கு ஒருமுறை.

"நடுவுல புகை டெஸ்ட் எடுக்கிறோமே?" அப்படின்னு கேட்கலாம். புதுசா எடுத்த வண்டிக்கு முதல் ஒரு வருஷம் தேவையில்லை. அப்புறம் பிஎஸ் 4, பிஎஸ் 6 வண்டிகளுக்கு வருஷத்துக்கு ஒருமுறை, அதுக்கு முந்தின வண்டிகளுக்கு 6 மாசத்துக்கு ஒருமுறை எடுக்கணும். ஆனா அந்த டெஸ்ட் சைலன்சர் வழியா வர்ற புகையை மட்டும்தான் பார்க்கும். பிரேக்கே இல்லாத வண்டிகூட அந்த டெஸ்ட்ல பாஸ் ஆயிடும்!

மத்த நாடுகள்ல எப்படி?

பிரிட்டன்ல 1960-ல கட்டாயப் பரிசோதனை வந்தது. ஆரம்பத்துல 10 வருஷம் தாண்டின வண்டிகளுக்கு மட்டும்தான். அடுத்த வருஷமே அதை 7-ஆ குறைச்சாங்க. 1967-ல 3 வருஷம் ஆக்கினாங்க. இன்னைக்கும் அதுதான். மூணாவது வருஷத்துல முதல் டெஸ்ட், அப்புறம் வருஷா வருஷம்.

ஜெர்மனியில முதல் 3 வருஷம் கிடையாது, அப்புறம் 2 வருஷத்துக்கு ஒருமுறை. ஜப்பான்லயும் சொந்தக் காருக்கு இதே கணக்குதான். ஐரோப்பிய யூனியனோட பொது விதி, குறைஞ்சபட்சம் 4-வது வருஷம் ஒண்ணு, அதுக்கப்புறம் 2 வருஷத்துக்கு ஒண்ணு. சிங்கப்பூர்ல 3 வயசுல இருந்து 10 வயசு வரைக்கும் 2 வருஷத்துக்கு ஒருமுறை, 10 தாண்டினா வருஷா வருஷம்.

இதைப் படிச்சதும், "பார்த்தீங்களா, நாமதான் பின்தங்கி இருக்கோம்"னு தோணும். அவசரப்படாதீங்க. அமெரிக்காவுல நியூ ஜெர்சி மாநிலம் 2010-ல சொந்தக் கார்களுக்கான மெக்கானிக்கல் பரிசோதனையையே எடுத்துடுச்சு. டெக்சாஸ் மாநிலமும் 2025 ஜனவரி 1-ல இருந்து சொந்த வண்டிகளுக்கான பாதுகாப்புப் பரிசோதனையை நிறுத்திடுச்சு. பணக்கார நாட்டுலயே ஒருத்தர் வருஷா வருஷம் வேணுங்கிறார், இன்னொருத்தர் வேணவே வேணாங்கிறார். ஏன்?

பரிசோதனையை அடிக்கடி பண்ணா விபத்து குறையுமா?

இதுக்கு நேர்மையான பதில், நாம நினைக்கிற அளவுக்குக் குறையிறதா ஆய்வுகள் காட்டலை.

நார்வே நாட்டுல கிறிஸ்டென்சன், எல்விக்ங்கிற ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் 2007-ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. பரிசோதனைக்குப் போன வண்டிகள்ல கோளாறு குறைஞ்சது உண்மை. ஆனா அதனால விபத்து குறைஞ்சதுன்னு அவங்களால காட்ட முடியலை. அமெரிக்க அரசோட தணிக்கை அலுவலகம் 2015-ல கொடுத்த அறிக்கையில, வண்டியோட பாகங்கள் பழுதானது ஒரு காரணமா இருந்த விபத்துகள் சுமார் 2 முதல் 7 சதவீதம்னு சொல்லியிருந்தாங்க. மீதி பெரும்பாலும் ஓட்டுறவங்க பண்ற தப்பு, ரோடு, வானிலை.

நம்ம ஊருக்கு அந்த சதவீதத்தை அப்படியே பொருத்த முடியாது. அங்க இருக்கிற வண்டி வேற, ரோடு வேற, பராமரிப்புப் பழக்கம் வேற. ஆனா நம்ம ஊர்ல பந்தயத்துல இருக்கிற உயிர்களோட எண்ணிக்கையும் வேற. 2022-ல மட்டும் இந்தியாவுல 4,61,312 விபத்துகள், 1,68,491 பேர் இறந்திருக்காங்க. விபத்து எண்ணிக்கையில முதல் இடம் தமிழ்நாடு, 64,105. பழுது காரணமான விபத்துகளோட பங்கு சின்னதா இருந்தாலும், இவ்வளவு பெரிய தொகையில சின்ன சதவீதம்னாலே ஆயிரக்கணக்கான குடும்பம்.

இன்னொரு பக்கமும் பார்க்கணும். 2012 ஜூலையில சென்னை தாம்பரம் பக்கத்துல, ஸ்கூல் பஸ் தரையில இருந்த ஓட்டை வழியா ஒரு குட்டிப் பொண்ணு கீழ விழுந்து இறந்துபோச்சு. தமிழ்நாடே உறைஞ்சுபோன சம்பவம். அந்த பஸ்ஸுக்கு எஃப்சி இருந்தது. அதுக்கப்புறம்தான் பள்ளி வாகனங்களுக்குன்னே தனி விதிகள் 2012-ல வந்துச்சு. இப்ப ஒவ்வொரு வருஷமும் ஸ்கூல் திறக்கிறதுக்கு முன்னாடி மைதானத்துல பஸ்களை வரிசையா நிறுத்தி அதிகாரிகள் பார்க்கிறதை செய்தியில பார்த்திருப்பீங்க.

இதுல இருந்து நான் எடுத்துக்கிட்ட பாடம், "எத்தனை தடவை பார்க்கிறாங்க"ங்கிறதைவிட "எப்படிப் பார்க்கிறாங்க"ங்கிறது பெருசு. என் தொழில்ல இதை தினமும் பார்க்கிறேன். கம்பெனிக்கு வருஷத்துக்கு ஒரு ஆடிட் உண்டு. ஆடிட் ரிப்போர்ட் க்ளீனா இருக்குங்கிறதாலயே அடுத்த மாசம் கல்லாவுல யாரும் கை வைக்க மாட்டாங்கன்னு அர்த்தமா? இல்லை. ஆடிட்டர் பார்த்த அன்னைக்கு இருந்த நிலைமையைத்தான் ரிப்போர்ட் சொல்லும். எஃப்சியும் அப்படித்தான். அது அன்னைக்கு எடுத்த போட்டோ. மீதி 364 நாளுக்கு வண்டிக்காரர்தான் பொறுப்பு.

அதனாலதான் மத்திய அரசு 2021-ல தானியங்கி சோதனை மையங்களுக்கான விதிகளைக் கொண்டு வந்தது. அங்க பிரேக் எவ்வளவு பிடிக்குதுன்னு உருளை மேல வண்டியை ஏத்தி மெஷினே அளக்கும். ஹெட்லைட் வெளிச்சம், சக்கரம் ஒரு பக்கமா இழுக்குதா, சஸ்பென்ஷன் எப்படி இருக்கு எல்லாத்தையும் நம்பரா காட்டும். கண்ணால பார்த்து கையெழுத்துப் போடுற முறையைவிட இது எவ்வளவோ மேல்.

ஒரு கிலோமீட்டர் கணக்கு போடலாமா?

டாக்ஸிக்கு 2 வருஷத்துக்கு ஒருமுறை, சொந்தக் காருக்கு 15 வருஷத்துக்கு ஒருமுறை. இது அநியாயம் மாதிரி தெரியுது இல்லையா? கணக்கு போட்டுப் பார்ப்போம்.

ஒரு டாக்ஸி வருஷத்துக்கு 50,000 கிலோமீட்டர் ஓடுதுன்னு வச்சுக்குவோம். 2 வருஷத்துல 1 லட்சம் கிலோமீட்டர். அப்பதான் ஒரு எஃப்சி. உங்க கார் வருஷத்துக்கு 10,000 கிலோமீட்டர் ஓடுனா 15 வருஷத்துல 1.5 லட்சம். ஆக, ஓடின தூரத்தை வச்சுப் பார்த்தா ரெண்டுக்கும் பெரிய வித்தியாசமே இல்லை!

அப்ப சட்டம் சரிதானா? பாதி சரி. தூரத்தால தேயுற பாகங்கள் உண்டு. பிரேக் பேட், க்ளட்ச், பேரிங் எல்லாம் அந்த வகை. ஆனா வயசால கெடுற பாகங்களும் உண்டு. டயர் ரப்பர் இறுகி வெடிப்பு விடும். பிரேக் ஆயில் காத்துல இருக்கிற ஈரத்தை இழுத்துக்கும், மலைப்பாதையில சூடாகும்போது பிரேக் உள்ள போகும். ரப்பர் ஹோஸ், வைப்பர், பேட்டரி, அடியில பிடிக்கிற துரு, இதெல்லாம் வண்டி சும்மா நின்னாலும் கெடும். "நம்ம கார் 30,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கு, புதுசு மாதிரி"ன்னு சொல்ற பத்து வருஷ வண்டியிலதான் இந்தக் கோளாறுகள் சத்தமில்லாம உட்கார்ந்திருக்கும்.

என்னைக் கேட்டா...

சொந்தக் காருக்கு 5-வது வருஷம் முதல் பரிசோதனை, அப்புறம் 2 வருஷத்துக்கு ஒருமுறை, 10 வயசு தாண்டினா வருஷா வருஷம். இதுதான் நியாயமான இடைவெளின்னு நான் நினைக்கிறேன். புது வண்டியை வருஷா வருஷம் க்யூவில நிறுத்துறது வீண் செலவு. 15 வருஷம் கண்டுக்காம விடுறது வீண் ரிஸ்க்.

ஆனா ஒரு நிபந்தனை. போதுமான மெஷின் சோதனை மையங்கள் வந்த பிறகுதான் இதைச் சட்டமாக்கணும். மையம் இல்லாம விதி மட்டும் வந்தா என்ன ஆகும்னு உங்களுக்கே தெரியும். வண்டி வீட்டுல நிக்கும், சர்டிஃபிகேட் மட்டும் புரோக்கர் கையில போயிட்டு வரும். அது பாதுகாப்பு இல்லை, இன்னொரு வரி.

சட்டம் எப்ப வருமோ வரட்டும். அதுவரைக்கும் நம்ம பணமும் உயிரும் நம்ம கையிலதானே இருக்கு? இனிமே வர்றதுதான் இந்தக் கட்டுரையோட முக்கியமான பகுதி.

இன்சூரன்ஸ்ல எங்க அடி விழும்?

என் வாடிக்கையாளர் ஒருத்தர், ஹார்ட்வேர் கடை வச்சிருக்கார். 2008 மாடல் கார். இன்சூரன்ஸை ஒரு நாள்கூட விடாம வருஷா வருஷம் ஆன்லைன்ல புதுப்பிச்சிருக்கார். ஒரு நாள் லாரி பின்னாடி இடிச்சதுல முன்பக்கம் போச்சு, ஒர்க்ஷாப்ல 74,000 ரூபாய் எஸ்டிமேட். க்ளெய்ம் போட்டார். இன்சூரன்ஸ் நிறுவனம் ஆர்சியைக் கேட்டுச்சு. ஆர்சி முடிஞ்சு ஏழு மாசம் ஆயிருந்தது. க்ளெய்ம் நிராகரிப்பு.

"பிரீமியம் வாங்கும்போது ஒரு வார்த்தை கேட்கலையே சார்?"ன்னு என்கிட்ட வந்து கேட்டார். நியாயமான கோபம்தான். ஆன்லைன்ல வண்டி நம்பரைப் போட்டா பாலிசி வந்துடும். சரிபார்க்கிறது க்ளெய்ம் நேரத்துலதான். ஆனா சட்டம் அந்த நிறுவனம் பக்கம் பலமா இருக்கு. 2014-ல நரீந்தர் சிங் வழக்குலயும், 2021-ல சுஷில் குமார் கோதாரா வழக்குலயும் உச்ச நீதிமன்றம் சொன்னது இதுதான்: செல்லுபடியாகிற பதிவு இல்லாம வண்டியைப் பயன்படுத்துறது பாலிசியோட அடிப்படை நிபந்தனையையே மீறுறது. ரெண்டுமே தற்காலிகப் பதிவு காலாவதியான வண்டிகள். ரெண்டாவது வழக்குல கார் திருடு போச்சு. திருட்டுக்கும் பதிவுக்கும் என்ன சம்பந்தம்னு நாம கேட்கலாம். ஆனாலும் பணம் கிடைக்கலை.

இதையெல்லாம் வச்சு நீங்க ஞாபகம் வச்சுக்க வேண்டியது நாலு விஷயம்.

1. சொந்தச் சேதம்: ஆர்சி காலாவதின்னா உங்க வண்டிச் சேதத்துக்கான க்ளெய்ம் நிராகரிக்கப்பட நிறைய வாய்ப்பு இருக்கு.

2. தேர்ட் பார்ட்டி: இடிபட்ட குடும்பத்துக்கு இன்சூரன்ஸ் நிறுவனம் முதல்ல பணத்தைக் கொடுத்துட்டு, அப்புறம் அதை வண்டிக்காரர்கிட்ட இருந்து வசூல் பண்ணிக்கச் சொல்லி கோர்ட் உத்தரவு போடலாம். எஃப்சி இல்லாத ஆட்டோ சம்பந்தப்பட்ட வழக்குல கேரள உயர் நீதிமன்ற முழு அமர்வு 2018-ல இதைத்தான் சொன்னது. உயிரிழப்பு வழக்குல இழப்பீடு பல லட்சம் போகும். அந்த லட்சங்கள் உங்க வீடு, உங்க எஃப்டி மேல வந்து நிக்கும்.

3. பராமரிப்பு: உங்க பாலிசி நிபந்தனைகள்ல, வண்டியை நல்ல ஓட்ட நிலையில பராமரிக்க உரிமையாளர் நியாயமான எல்லா நடவடிக்கையும் எடுக்கணும்னு ஒரு வரி இருக்கும். யாரும் படிக்கிறதில்லை. நூல் தெரியுற டயரோட விபத்தானா, சர்வேயர் அந்த வரியைத்தான் முதல்ல படிப்பார்.

4. புகை சர்டிஃபிகேட்: "புகை சர்டிஃபிகேட் இல்லைன்னா க்ளெய்ம் கிடைக்காது"ன்னு வாட்ஸ்அப்ல வர்றது தப்பு. அது இல்லைங்கிறதுக்காக மட்டும் க்ளெய்மை மறுக்கலாம்னு பரவுற செய்தி தவறானதுன்னு ஐஆர்டிஏஐ 2020-லயே தெளிவுபடுத்திடுச்சு. ஆனா போலீஸ் பிடிச்சா 10,000 ரூபாய் வரைக்கும் அபராதம் போட சட்டத்துல இடம் இருக்கு. அதனால எடுத்து வச்சுக்குங்க.

இன்னொண்ணு. ஓன் போர்டு காரை வாடகைக்கு விடுற பழக்கம் நம்ம ஊர்ல நிறைய. சொந்த உபயோகப் பாலிசி வாடகை ஓட்டத்துக்குச் செல்லாது. நாலு காசு வாடகைக்காக மொத்த பாலிசியையும் பணயம் வைக்காதீங்க.

பைக் வச்சிருக்கவங்க தயவுசெஞ்சு இதைப் படிங்க

2022-ல சாலை விபத்துல இறந்தவங்கள்ல 44.5 சதவீதம் பேர் டூ வீலர்ல போனவங்க. ஆனா வீட்டுல காருக்கு இருக்கிற கவனிப்பு பைக்குக்குக் கிடையாது. பைக்குக்கும் ஆர்சி 15 வருஷம்தான்.

2018 செப்டம்பர்ல இருந்து புது பைக்குக்கு 5 வருஷமும், புது காருக்கு 3 வருஷமும் தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸை மொத்தமா வாங்கணும்னு ஆச்சு. இது உச்ச நீதிமன்ற உத்தரவால வந்தது. அந்த வழக்கைப் போட்டவர் நம்ம கோயம்புத்தூர் எலும்பு சிகிச்சை டாக்டர் எஸ். ராஜசேகரன். விபத்துல அடிபட்டு வர்றவங்களைப் பார்த்துப் பார்த்து 2012-ல பொதுநல வழக்கு போட்டவர் அவர். நல்ல விஷயம். ஆனா ஒரு சிக்கல். 5 வருஷம் எந்த நினைவூட்டலும் இல்லாம ஓட்டிப் பழகிடுறோம். 6-வது வருஷம் பாலிசி முடிஞ்சதே தெரியாது. அப்பா பழைய ஸ்கூட்டர்ல கடைக்குப் போறார், தம்பி அதுலயே காலேஜ் போறான். அந்த வண்டியோட பாலிசியை இன்னைக்கே எடுத்துப் பாருங்க.

நம்ம வீட்டு எஃப்சி: என்ன பண்ணணும்?

கவர்மென்ட் கேட்காததை நாமளே கேட்டுக்குவோம். கார் 5 வயசு ஆனதும் ஒருமுறை, அப்புறம் 2 வருஷத்துக்கு ஒருமுறை, 10 தாண்டினா வருஷா வருஷம், சர்வீஸோட சேர்க்காம தனியா ஒரு முழுப் பரிசோதனை பண்ணுங்க. பைக்குக்கு வருஷத்துக்கு ஒருமுறை போதும்.

தனியான்னு ஏன் சொல்றேன்? சர்வீஸ் பண்ற இடத்துக்குப் பாகங்களை மாத்தினாதான் வருமானம். கணக்கு எழுதுறவரே ஆடிட் பண்ணக் கூடாதுங்கிறது எங்க தொழில்ல அடிப்படை. அதே மாதிரி, பார்க்கிறவர் ஒருத்தர், மாத்துறவர் இன்னொருத்தரா இருக்கட்டும். தெரிஞ்ச வேற ஒரு மெக்கானிக்குக்கு அவர் நேரத்துக்கான கூலியைக் கொடுத்து, எழுதி வாங்குங்க.

பார்க்க வேண்டியவை:

* டயர்: காருக்கு பட்டன் ஆழம் குறைஞ்சது 1.6 மில்லிமீட்டர், டூ வீலருக்கு 0.8. இது சட்டத்துல இருக்கிற அளவு. டயர் பக்கவாட்டுல நாலு இலக்க எண் இருக்கும். 2319-ன்னு இருந்தா 2019-ம் வருஷம் 23-வது வாரம் தயாரிச்சதுன்னு அர்த்தம். பட்டன் இருந்தாலும் வயசைப் பாருங்க.
* பிரேக்: பேட், டிஸ்க், ஹோஸ், பிரேக் ஆயில். ஆயிலைக் கடைசியா எப்ப மாத்தினீங்கன்னு பில்லைத் தேடுங்க.
* ஸ்டியரிங், சஸ்பென்ஷன்: வண்டியைத் தூக்கி வச்சு சக்கரத்தை ஆட்டிப் பார்க்கச் சொல்லுங்க.
* லைட், ஹார்ன், வைப்பர், கண்ணாடி: நீங்களே பத்து நிமிஷத்துல பார்த்துடலாம்.
* சீட் பெல்ட்: பின் சீட்டோடதையும் சேர்த்து. பல கார்ல அது சீட் கவருக்கு அடியில புதைஞ்சு கிடக்கும்.
* அடிப்பாகம்: துரு, ஆயில் கசிவு, எரிபொருள் பைப்.

பட்ஜெட்? டயருக்கும் பேட்டரிக்கும் திடீர்னு க்ரெடிட் கார்டைத் தேய்க்கிறதுக்குப் பதிலா மாசம் ஒரு தொகையை ஆர்டியில போடுங்க. ஒரு உதாரணத்துக்கு, மாசம் 1,500 ரூபாய் போட்டா வருஷத்துக்கு 18,000. சின்னக் காரோட டயர், பேட்டரி, பிரேக் வேலையைச் சுழற்சியில சமாளிக்க இது கை கொடுக்கும். பம்பர் டு பம்பர் கவர் இல்லாத சாதாரண பாலிசியில டயர், பேட்டரி, ரப்பர், பிளாஸ்டிக் பாகங்களுக்கு 50 சதவீதம் தேய்மானம் கழிச்சுத்தான் க்ளெய்ம் தருவாங்கங்கிறதும் ஞாபகம் இருக்கட்டும். மீதிப் பாதி உங்க பாக்கெட்தான்.

15 வருஷம் முடியுது: புதுப்பிக்கவா, மாத்தவா?

2022 ஏப்ரல் 1-ல இருந்து 15 வருஷம் தாண்டின காருக்குப் புதுப்பிப்புக் கட்டணம் 600-ல இருந்து 5,000 ரூபாய் ஆச்சு. பைக்குக்கு 300-ல இருந்து 1,000. 2025 ஆகஸ்ட்ல, 20 வருஷம் தாண்டினதுக்கு அதையும் இரட்டிப்பாக்கிட்டாங்க. காருக்கு 10,000, பைக்குக்கு 2,000. இது போக மாநில அரசோட பசுமை வரி தனி. ஆர்சி முடியுறதுக்கு 60 நாள் முன்னாடியிருந்தே படிவம் 25-ல விண்ணப்பிக்கலாம்.

ஒரு உதாரணம் போடுவோம். கட்டணம் 5,000, வண்டியைத் தயார் பண்ண 45,000. மொத்தம் 50,000. இதை 60 மாசத்துக்குப் பிரிச்சா மாசம் சுமார் 833 ரூபாய். வருஷப் பராமரிப்பு 25,000-ன்னு வச்சா மாசம் சுமார் 2,083. ஆக மாசம் 2,916 ரூபாய்.

புது கார் 8 லட்சம், கையில இருந்து 2 லட்சம், 6 லட்சம் கடன், 9 சதவீத வட்டி, 5 வருஷம்னா இஎம்ஐ மட்டும் சுமார் 12,455 ரூபாய்.

பணக் கணக்குல பழைய வண்டி ஈஸியா ஜெயிக்குது. எல்லா தடவையும் ஜெயிக்கும். ஆனா இந்த எக்ஸெல் ஷீட்ல ஒரு வரிசை விட்டுப்போச்சு.

பரிசோதனைங்கிறது உங்க வண்டி அன்னைக்கு இருந்த மாதிரி இன்னைக்கும் இருக்கான்னுதான் பார்க்கும். இன்னைக்கு எப்படி இருக்கணுமோ அப்படி இருக்கான்னு பார்க்காது. கார்ல ஏபிஎஸ்ஸும், ஓட்டுநர் ஏர்பேக்கும் 2019-லதான் கட்டாயம் ஆச்சு. முன் சீட்ல பக்கத்துல உட்கார்றவருக்கான ஏர்பேக் 2021-ல. 2010-ல வாங்கின பேஸ் மாடல் பல கார்ல இது எதுவுமே இருக்காது. பிரேக் இன்ஸ்பெக்டர் எவ்வளவு நேர்மையா பார்த்துப் பாஸ் போட்டாலும் இல்லாத ஏர்பேக் வந்துடாது.

அதனால என் யோசனை இது. ஊருக்குள்ள கடை, கோயில், ரயில்வே ஸ்டேஷன்னு மட்டும் மெதுவா ஓடுற வண்டின்னா, முழுப் பரிசோதனை பண்ணிப் புதுப்பிச்சுக்குங்க. தப்பில்லை. குழந்தைகளோட அடிக்கடி நாலுவழிச் சாலையில 100 கிலோமீட்டர் வேகத்துல போற குடும்பம்னா மாத்துங்க. புதுசுதான் வேணும்னு இல்லை. 2021-க்கு அப்புறம் வந்த, ரெண்டு ஏர்பேக், ஏபிஎஸ் இருக்கிற செகண்ட் ஹேண்ட் கார் நல்ல நடுவழி. அதுக்கு இஎம்ஐயும் பாதியா குறையலாம்.

பழசை எடைக்குப் போடுறதா இருந்தா, பதிவு பெற்ற ஸ்கிராப் மையத்துல கொடுத்து சான்றிதழ் வாங்குங்க. அதை வச்சுப் புது வண்டிக்குப் பதிவுக் கட்டணச் சலுகையும், மாநில அரசு அறிவிச்ச அளவுக்கு வரிச் சலுகையும் கேட்கலாம். அதைவிட முக்கியம், ஆர்சி ரத்தாகும். தெருமுனை காயலான் கடையில போட்டா காசு வரும், ஆனா வண்டி ஆவணத்துல உங்க பேர்லயே உயிரோட இருக்கும்.

தொழில் பண்றவங்களுக்கு ஒரு குறிப்பு

கடை, கம்பெனி பேர்ல வண்டி இருந்தா ரிப்பேர், பரிசோதனைச் செலவு, எஃப்சி கட்டணம் எல்லாம் தொழில் செலவா கழிச்சுக்கலாம். சொந்த உபயோகத்துக்கான பங்கை மட்டும் ஒதுக்கணும். ஆனா எஃப்சி இல்லாம ஓட்டிக் கட்டுற அபராதம் செலவா ஏத்துக்கப்படாது. வரி கட்டின பணத்துல இருந்துதான் அபராதம் போகும். "எஃப்சிக்கு ரெண்டு நாள் வண்டி நின்னா வாடகை போகுமே"ன்னு தள்ளிப்போடுறவங்க இந்தக் கணக்கையும் சேர்த்துப் போடுங்க.

இன்னைக்கு ராத்திரி பண்ண வேண்டியது

எம்-பரிவாகன் ஆப்பைத் திறங்க. வீட்டுல இருக்கிற எல்லா வண்டி நம்பரையும் ஒவ்வொண்ணா போடுங்க. அப்பாவோட ஸ்கூட்டர், ஊர்ல நிற்கிற பழைய பைக், எல்லாம். ஆர்சி, இன்சூரன்ஸ், புகை சர்டிஃபிகேட், இந்த மூணு தேதியையும் ஒரு பேப்பர்ல எழுதி பீரோ கதவுக்கு உள்பக்கம் ஒட்டுங்க. போன்ல ஒவ்வொண்ணுக்கும் 45 நாள் முன்னாடி அலாரம் வைங்க. மொத்தம் இருபது நிமிஷ வேலை.

ஆர்சி ஏற்கெனவே முடிஞ்சிருந்தா, புதுப்பிக்கிற வரைக்கும் அந்த வண்டியை ரோட்டுல இறக்காதீங்க. பஸ்ல போங்க.

இதையே படம் போட்டு விளக்கின வீடியோ நம்ம சேனல்ல இருக்கு. வீட்டுப் பெரியவங்களுக்கு அதை அனுப்பி வைங்க. உங்க வீட்டு வண்டிகள்ல எத்தனை தேதி தாண்டியிருந்ததுன்னு கீழ எழுதுங்க. அடுத்த கட்டுரையில, டாக்ஸி, சரக்கு வண்டி வச்சிருக்கவங்க வருமான வரிக் கணக்கை எப்படிக் காட்டணும்னு பார்க்கலாம்.